பினாங்கில் ஒரே ஒரு பகல், கூடவே முழங்கால் வலியோடு அத்தை: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

செம்மண்வீடு (கேள்வி)

வணக்கம். மே மாதப் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து கப்பல் ஏறுகிறோம். நான், கணவர், பத்து வயதுப் பையன், 74 வயது மாமியார். மூன்று ராத்திரிப் பயணம். நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை பினாங்கில் நிற்கும். காலை 8 மணிக்குக் கப்பலைக் கட்டுவார்களாம். மாலை 5 மணிக்குள் எல்லோரும் உள்ளே இருக்கவேண்டும், 6 மணிக்குப் புறப்பாடு.

வீட்டில் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். பையனுக்கு மலை ரயில். எந்த வீடியோவில் பார்த்தானோ, அன்றிலிருந்து அதே பேச்சு. அவருக்கு நாசி கண்டார், அதாவது அந்த ஊர்க் குழம்புச் சோறு. எனக்குச் சுவரோவியத் தெருக்கள், கெக் லோக் சி கோயில், முடிந்தால் ஒரு மணி நேரம் கடற்கரை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கூட்டினேன். பதினான்கு மணி நேரம் வந்தது. கையில் இருப்பது ஒன்பது.

அத்தை எதுவும் கேட்கவில்லை. டிக்கெட் போட்ட அன்று ராத்திரி மட்டும் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழைய கவரை எடுத்துக் காட்டினார்கள். அவர்களுடைய அப்பா பினாங்கில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் (வட்டிக்கடைக் கூடம்) அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, இருந்தவர். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஊர்ப்பக்கம் வருவாராம். கவரின் பின்பக்கம் ‘பினாங் ஸ்திரீட், பினாங்’ என்று இருக்கிறது. கதவு எண் இருந்த இடத்தைப் பூச்சி தின்றுவிட்டது. “அந்தத் தெரு இன்னும் இருக்காம்மா?” என்று கேட்டதோடு சரி.

அத்தைக்கு இடது முழங்கால் தேய்மானம். சமதரையில் கால் மணி நேரம் நடப்பார்கள், படி என்றால் ஐந்தாறுதான். வெள்ளிக்கிழமை கவுச்சி தொடமாட்டார்கள். கப்பலில் ஆறு மணி நேர பஸ் சுற்றுலா ஒன்று விற்கிறார்கள். அதில் இந்தத் தெரு இல்லை. நாங்களாகவே இறங்கிச் சுற்றலாமா? பயமாகவும் இருக்கிறது.

கட்டுமரம்72

தாராளமாக இறங்கலாம். பினாங்கில் கப்பல் கரையிலேயே கட்டும், படகில் மாற்றி ஏற்றமாட்டார்கள். ஸ்வெட்டன்ஹாம் பியர் முனையத்தை விட்டு வெளியே வந்தால் ஊரே எதிரில்தான்.

இரண்டு விஷயம். கப்பல் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போனால் காத்திருக்காது. அதனால் 5 மணி என்றால் உங்கள் கணக்கில் 4 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கடிகாரம். நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பினாங்கும் சிங்கப்பூரும் ஒரே நேரம், உங்களுக்குச் சிக்கல் இல்லை. நாங்கள் போன பயணத்தில் புக்கெட்டும் உண்டு. அங்கே ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருந்தது, என் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. நான் ஹாயாக இளநீர் குடித்துக்கொண்டிருக்கிறேன், மனைவி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து அலறுகிறாள். கடைசிப் படகில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். போனை நம்பாதீர்கள். கப்பலை விட்டு இறங்கும்போது வாசலில் எழுதி வைத்திருக்கும் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விசா: இந்திய பாஸ்போர்ட்டுக்கு மலேசியாவில் 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள். போகும் தேதிக்கு அது இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நம்மவர்கள் கோட்டை விடுவது சிங்கப்பூர் விசாவில். கப்பல் திரும்பி அங்கேதானே வரும்? இரண்டாவது தடவை நுழைய அந்த விசா இடம் தருகிறதா என்று பாருங்கள்.

அஞ்சடிக்காரன்

தங்கச்சி, நான் பிறந்து வளர்ந்தது பினாங்கு. துறைமுகத்தில் 31 வருஷம் கிராணி (குமாஸ்தா) வேலை. இப்போது பட்டர்வொர்த்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். வாரம் ஒரு தடவையாவது ஃபெர்ரி ஏறி அந்தப் பக்கம் போகாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் அத்தைக்குப் பதில். தெரு இருக்கிறது. இப்போது பலகையில் ‘லெபோ பினாங்’ என்று போட்டிருக்கும், வாய்ப்பேச்சில் இன்னும் பினாங்கு ஸ்திரீட்தான். உங்கள் கப்பல் கட்டும் இடத்திலிருந்து நல்ல கால் உள்ளவருக்குப் பத்து நிமிஷ நடை. பழைய கிட்டங்கிகள் பெரும்பாலும் கடைகளாகிவிட்டன. ஒரே நீளக் கூடம், வரிசையாக ஒவ்வொரு மார்க்காவுக்கும் (வட்டிக்கடைக்கும்) பெட்டி வைத்து உட்கார ஒரு பெட்டியடி, ராத்திரி அங்கேயே பாய் விரிப்பு என்று அந்தக் காலத்து வாழ்க்கை. அதை இப்போது பார்க்க முடியாது. ஆனால் செட்டியார்களின் கோயில் வீடு அதே தெருவில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் அங்கிருந்துதான் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் புறப்படும். அந்த ரதம் காரைக்குடியில் செய்து 1894இல் கப்பலில் வந்தது. அத்தையிடம் இதைச் சொல்லுங்கள். அவர் அப்பாவும் அந்த ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி உங்கள் பதினான்கு மணி நேரப் பட்டியல். கெக் லோக் சியை அடித்துவிடுங்கள். அழகான கோயில்தான், ஆனால் படியோ படி. கடற்கரையையும் அடித்துவிடுங்கள். பத்து ஃபிரிங்கி போகவர ஒன்றரை மணி நேரம் வண்டியிலேயே போய்விடும், மணலும் உங்கள் ராமேஸ்வரத்தை விட உசத்தி இல்லை.

மீதியை இரண்டாகப் பிரியுங்கள். குடும்பம் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்று யார் சொன்னது? தம்பியும் பையனும் இறங்கின உடனே ‘கிராப்’ வாடகைக் கார் பிடித்து நேரே கொடிமலைக்குப் போகட்டும். பினாங்கு ஹில்லை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வெள்ளிக்கிழமை காலை என்பதால் கூட்டம் குறைவு. சனி ஞாயிறு என்றால் போகாதே என்றிருப்பேன். ரயில் 1923இலிருந்து ஓடுகிறது, இப்போதுள்ள பெட்டி 2011இல் வந்தது. செங்குத்தாக இழுத்துக்கொண்டு போகும், பையன் முன்பக்கக் கண்ணாடி ஓரம் நிற்கட்டும். மேலே ஒரு முருகன் கோயிலும் உண்டு. 11.30க்குக் கீழே இறங்கிவிட வேண்டும்.

நீங்களும் அத்தையும் வாசலில் ஒரு பேச்சா பிடியுங்கள். சைக்கிள் ரிக்‌ஷாதான், ஆனால் ஆள் முன்னால், ஓட்டுபவர் பின்னால். எத்தனை வெள்ளி (ரிங்கிட்), எவ்வளவு நேரம் என்று ஏறுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். வழியில் மணிக்கூண்டு வரும். விக்டோரியா ராணி 60 வருஷம் ஆண்டதற்கு 60 அடி. உற்றுப் பார்த்தால் லேசாகச் சாய்ந்திருக்கும். ஜப்பான் சண்டையில் விழுந்த குண்டின் வேலை அது.

முதலில் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில். 1833இல் கட்டியது. வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கும், இருந்தாலும் காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். அங்கிருந்து பினாங்கு ஸ்திரீட் எட்டிப்பிடிக்கும் தூரம். அங்கே சைவக் கடையில் உட்கார்ந்து பசியாறுங்கள். ஆமாம், உங்கள் செட்டிநாட்டுப் பக்கம் சொல்வது போலவே இங்கேயும் ‘பசியாறியாச்சா’தான். அத்தை காதில் விழட்டும்.

ஒரு எச்சரிக்கை. கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடை இருக்கும், ‘அஞ்சடி’ என்போம். வெயிலுக்கு அருமை. ஆனால் ஒவ்வொரு கடைக்கும் தரை ஒவ்வொரு உயரம். பாதி இடத்தில் ஓடு வழுக்கும். என் பேரே அஞ்சடிக்காரன், நானே இரண்டு தடவை விழுந்திருக்கிறேன்லா. கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மலைத்தேன்

அண்ணன் சொன்னதில் ஒன்று மட்டும் ஒப்பவில்லை. அத்தையையும் கொடிமலைக்கு அழைத்துப் போகலாமே? என் அப்பாவை 78 வயதில் கூட்டிப் போனேன். கீழே வேர்த்துக் கொட்டுகிறது, மேலே காற்று ஜில்லென்று இருந்தது. அவர் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார். வாழ்நாளில் ஒரு தடவை வருகிறவர் ஒரு தெருவை மட்டுமா பார்க்க வேண்டும்?

அஞ்சடிக்காரன்

உங்கள் அப்பாவுக்கு முழங்கால் நன்றாக இருந்திருக்கும். ரயில் சரிவில் நிற்பதால் ஏறும் மேடையே படிக்கட்டுதான். வரிசையில் நிற்க வேறு வேண்டும். அதோடு அந்தப் பெரியம்மா கேட்டது மலையை இல்லையே.

என் அப்பா நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி வந்தவர். டெக்கில், தகரப் பெட்டியைத் தலைக்கு வைத்துக்கொண்டு. அந்தக் கப்பல் எழுபதுகளில் நின்றது, அப்புறம் வந்த ‘சிதம்பரம்’ 1985இல் தீப்பிடித்து நின்றது. அதற்குப் பிறகு நாகப்பட்டினம் போகிற கப்பல் எதற்கும் நான் தாள் எழுதவில்லை. நாகூர் போனபோது நானும் அப்படித்தான், அப்பா சொன்ன தெருவை மட்டும் தேடிக்கொண்டு திரிந்தேன். அரை நாள்.

செம்மண்வீடு

அண்ணா, கண் கலங்கிவிட்டது. பிரிந்து போவது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மத்தியானத்துக்கு மேல் என்ன செய்வது? அவருக்கு நாசி கண்டார் பாக்கி இருக்கிறதே.

அஞ்சடிக்காரன்

12.30க்கு லிட்டில் இந்தியாவில் சேருங்கள். அங்கே நீங்கள் இலையில் சைவம் சாப்பிடுங்கள். தம்பி பக்கத்தில் எந்த மாமாக் (தமிழ் முஸ்லிம்) கடையிலும் நாசி கண்டார் வாங்கட்டும். நம் தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டு போலத் தோளில் சுமந்து விற்றது, அந்தத் தண்டுக்குத்தான் ‘கண்டார்’ என்று பேர். ‘பஞ்சிர்’ என்று சொன்னால் எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றுவார்கள். பஞ்சிர் என்றால் வெள்ளம். ஒன்று மட்டும், வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கம் வண்டி நகராது, உள்ளே பார்க்கவும் விடமாட்டார்கள். சாப்பாட்டுக்கு மேல் அத்தையைக் கப்பலில் கொண்டுபோய் விடுங்கள். ஆர்மேனியன் தெருச் சுவரோவியங்களுக்கு நீங்கள் மூன்று பேரும் போய் 4 மணிக்குத் திரும்பலாம். அந்த சைக்கிள் பிள்ளைகள் படம் 2012இல் வரைந்தது, வெயிலில் மங்கிக்கொண்டு வருகிறது, பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். குடை கட்டாயம். பிற்பகல் மழை சொல்லிக்கொண்டு வராது.

கட்டுமரம்72

கிராப் செயலியை ஊரிலேயே பதிவு செய்துவிடுங்கள், ஓ.டி.பி. அங்கே வந்து சேராமல் தவிக்க வேண்டாம். கப்பலில் ஏறியதும் போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். கடல் நெட்வொர்க்கில் ஒட்டிக்கொண்டால் பில் வயிற்றைக் கலக்கும். இரண்டு குழுவாகப் பிரிவதால் இரண்டு பேர் போனிலும் டேட்டா வேண்டும். மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையைக் கப்பலில் கேட்டால், போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். காசு இல்லை. காசு கேட்கிற தளம் என்றால் அது வேறு ஆள்.

செம்மண்வீடு

போய் வந்தாயிற்று. சொல்லாமல் விட்டால் தப்பு.

கடல் ஆட்டத்தில் கப்பல் 9 மணிக்குத்தான் கட்டியது, ஒரு மணி நேரம் போச்சு. அவரும் பையனும் கொடிமலையில் வரிசையில் நின்றதே முக்கால் மணி நேரம், மேலே இருந்தது அதை விடக் கொஞ்சம்தான். பையனுக்கு அதுவே போதுமாம். சுவரோவியம் பார்க்கவே இல்லை, 2 மணிக்குப் பிடித்த மழை 3.30 வரை விடவில்லை.

கோயிலில் அத்தை ரொம்ப நேரம் நிற்கவில்லை. பினாங்கு ஸ்திரீட்டில்தான் நின்றார்கள். கோயில் வீட்டு வாசலில் கவரைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. எண் தெரியாததால் எந்த வீடு என்று சொல்ல முடியாதே என்று எனக்கு அடித்துக்கொண்டது. அவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. அப்புறம் தே தாரேக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். டீயை ஆற்றுகிறவரைப் பார்த்து, “அப்பா ஊருக்கு வந்தா இப்படித்தான் தூக்கி ஆத்துவாக, அம்மா சிந்துதுன்னு வைவாக” என்றார்கள். இருபது வருஷத்தில் அவர்கள் அப்பாவைப் பற்றி என்னிடம் பேசிய முதல் பேச்சு. கடைக்காரர் “பசியாறியாச்சா” என்று கேட்டார், அண்ணா.

4.10க்குக் கப்பலில் இருந்தோம். ராத்திரி மேல்தளத்தில் உட்கார்ந்து அடுத்த தடவை தண்ணீர்மலை முருகனைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். 513 படி என்று நான் இன்னும் சொல்லவில்லை.