எக்செலா, லிப்ரே ஆபிஸா, கூகுள் ஷீட்ஸா? ஃபைல் ஹேங் ஆகுது, டோட்டலும் ஒத்துவரல (அவசரம்)

பாண்டி_ஸ்டாக்
வணக்கம். ஆபீஸ் பாண்டி தட்டாஞ்சாவடி, குடோன் கடலூர் ஓ.டி.யிலும் காரைக்கால்லயும். தார்ப்பாய், கயிறு, பைப் மொத்த வியாபாரம். 2024-25 சேல்ஸ் மூணு கிளையும் சேர்த்து ஐட்டம்வாரி, மாசவாரி ஓனர் கேட்கிறார். எக்செல்ல சேர்த்தா ஹேங் ஆகுது. வீலுக்கப் (ஐட்டத்தை மாஸ்டர் லிஸ்ட்ல தேடி விவரம் எடுக்கிற ஃபார்முலா) பாதிக்கு வருது, பாதிக்கு வரல. டோட்டலும் பில்லிங் ரிப்போர்ட்டோட ஒத்துவரல. எக்செலே வேணாம், வேற மாறிடலாம்ங்கிறார். கூகுள் ஷீட்ஸா, லிப்ரே ஆபிஸா, இல்ல புது எக்செலே வாங்கிடலாமா? நாளைக்குக் காலையில சொல்லணும். ப்ளீஸ்.

மேகக்கணக்கு
மூணு ஊர்ல ஆள் இருந்தா கூகுள் ஷீட்ஸ்தான் தம்பி. ஒரே ஷீட், மூணு பேரும் ஒரே நேரத்துல போடலாம். "நான் திறந்திருக்கேன், நீ மூடு"ன்னு போன் பண்ற வேலை இல்ல. குவெரி ஃபங்ஷன் ஒண்ணைக் கத்துக்கிட்டா மாசவாரிக் கூட்டல் ஒரே வரியில முடிஞ்சுடும்.

மஞ்சக்குப்பம்
மாறுறதுக்கு முன்னாடி விவரம் சொல்லுங்க. எந்த எக்செல்? 32 பிட்டா 64 பிட்டா (ஃபைல், அக்கவுண்ட், அபவுட் எக்செல்ல பார்க்கலாம்)? ரேம் எவ்வளவு? கிளைக்கு எத்தனை வரி (ரோ)? ஃபைல் பேருக்குப் பின்னாடி எக்ஸ்எல்எஸ்னு இருக்கா, எக்ஸ்எல்எஸ்எக்ஸ்னு இருக்கா?

கட்டற்றவன்
லிப்ரே ஆபிஸ் கால்க் போடுங்க. காசு இல்ல, ஆபீஸ்ல எத்தனை மெஷின்ல வேணும்னாலும் போடலாம், லைசென்ஸ் பயம் இல்ல. வரி எண்ணிக்கையும் எக்செல் அளவுதான்: 10,48,576. 2024 ஆகஸ்ட்ல வந்த 24.8 பதிப்புல இருந்து எக்ஸ்லுக்கப், ஃபில்டர், யுனிக் எல்லாமே இருக்கு.

மூத்த_நிரலர்
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் வேண்டும். லட்சக்கணக்கான பில் வரிகளை விரிதாளில் வைப்பதே தவறு. எஸ்க்யூலைட் போன்ற தரவுத்தளத்தில் ஏற்றுங்கள், கிளை, மாதம், ஐட்டம் என்று தொகுத்து முடிவை மட்டும் எக்செலுக்குக் கொண்டு வாருங்கள். நெடுவரிசைக்கு என்ன வகை என்று முதலிலேயே தீர்மானித்திருந்தால் வீலுக்கப் "பாதிக்கு வரவில்லை" என்ற பேச்சே எழாது.

அரியாங்குப்பம்_அக்கவுண்ட்ஸ்
சார், நாளைக்குக் காலையில ரிப்போர்ட் குடுக்க வேண்டியவர்கிட்ட இன்னைக்கு ராத்திரி எஸ்க்யூஎல் கத்துக்கச் சொன்னா எப்படி? முதல்ல டோட்டல் ஏன் குறையுதுன்னு பார்ப்போம். தம்பி, டோட்டல் குறையுதா, கூடுதா? எவ்வளவு? எந்தக் கிளையில?

பாண்டி_ஸ்டாக்
எக்செல் 2016, 32 பிட். ரேம் 4 ஜிபி. ஃபைல் எக்ஸ்எல்எஸ்னு இருக்கு, பில்லிங் சாஃப்ட்வேர்ல எக்ஸ்போர்ட் குடுத்தா அப்படித்தான் வருது. 19 காலம் (நெடுவரிசை). பாண்டி 52,310 வரி, காரைக்கால் 24,480, கடலூர் 65,536. டோட்டல் 1 கோடியே 86 லட்சம் குறையுது, குறையுறது கடலூர்லதான். கடைசி பில் தேதி 29/01/2025. பிப்ரவரி, மார்ச் என்ட்ரி ஆகலையான்னு கேட்டா குடோன்ல போட்டாச்சுங்கிறாங்க. இன்னொண்ணு, தேதியில பாதி இடது பக்கம் ஒட்டி நிக்குது, பாதி வலது பக்கம். பைப் சைஸ் 3/4ன்னு நான் டைப் பண்ண இடத்துல 4-மார்ச்னு வருது.

மஞ்சக்குப்பம்
65,536. இந்த நம்பரைப் பார்த்த உடனே விஷயம் தெரிஞ்சுபோச்சு. குடோன்காரங்க மேல தப்பு இல்ல.

பழைய எக்ஸ்எல்எஸ் ஃபார்மட்ல ஒரு ஷீட்டுக்கு 65,536 வரி, 256 காலம். அதுக்கு மேல இடமே கிடையாது. எக்செல் 2007-ல வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ்லதான் 10,48,576 வரி ஆச்சு. உங்க பில்லிங் சாஃப்ட்வேர் பழைய ஃபார்மட்ல எழுதுது, ஷீட் நிரம்பின இடத்துல நிறுத்திடுது. சில சாஃப்ட்வேர் எரர் காட்டும், சிலது ஒண்ணும் சொல்லாது. பில் தேதி வரிசையில எழுதுறதால வெட்டுப்படுறது வருஷக் கடைசி. அதனாலதான் ஜனவரி 29-ஓட நின்னு ரெண்டு மாசம் காணோம்.

ஃபைலை எக்ஸ்எல்எஸ்எக்ஸா சேவ் பண்ணினாலும் அந்த வரி திரும்பி வராது. கூகுள் ஷீட்ஸ்ல ஏத்தினாலும், கால்க்ல திறந்தாலும் வராது. ஃபைலுக்குள்ள இல்லாததை எந்த சாஃப்ட்வேரும் காட்ட முடியாது. எக்ஸ்போர்ட் மெனுவுல சிஎஸ்வி இருக்கான்னு பாருங்க. சிஎஸ்வி வெறும் டெக்ஸ்ட், அதுக்கு வரி வரம்பு இல்ல. சிஎஸ்வி இல்லைன்னா கடலூரை ரெண்டு அரையாண்டா பிரிச்சு எடுங்க: ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச்.

மூத்த_நிரலர்
இதே வரம்பால் 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறையில் 15,841 கோவிட் பாசிட்டிவ் முடிவுகள் அன்றன்றைய கணக்கில் சேராமல் விடுபட்டன. ஆய்வகங்கள் சிஎஸ்வியாகத்தான் அனுப்பின. இடையில் எக்ஸ்எல்எஸ் வார்ப்புருவில் ஏற்றியபோது வரிகள் வெட்டுப்பட்டன. விரிதாளைத் தரவுக் கிடங்காகப் பயன்படுத்தாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மேகக்கணக்கு
சரி, வரி முழுசா வந்தாச்சுன்னே வைங்க. ஷீட்ஸ்ல 1 கோடி செல் வரைக்கும் போகலாம். இவருக்கு ஒண்ணரை லட்சம் வரி, 19 காலம், 30 லட்சம் செல்கூட ஆகாது. தாராளமா அடங்கும்.

நெய்வேலி_பிவட்
அடங்கும், ஆனா இந்த வருஷத்துக்கு. காலி செல்லும் அந்த 1 கோடியில சேரும். நாலு வீலுக்கப் காலம் சேர்த்தா 35 லட்சத்தை நெருங்குது, மூணாவது வருஷ டேட்டா வரும்போது முட்டும். அதுக்கு முன்னாடியே பிரவுசர் திணற ஆரம்பிக்கும், அதுவும் 4 ஜிபி ரேம்ல. மூணு ஊர்ல இருந்து தினசரி ஸ்டாக் எழுத ஷீட்ஸ் அருமை, அதுல எனக்கு மறுப்பே இல்ல. வருஷ பில் வரியை அலசுறது வேற வேலை.

தம்பி, உங்க 2016-லயே பவர் குவெரி (பல ஃபைலைச் சேர்த்துச் சுத்தம் பண்ற வசதி) இருக்கு, தனியா ஒண்ணும் வாங்க வேணாம். ஒரு ஃபோல்டர்ல மூணு சிஎஸ்வியையும் கிளைப் பேர்லயே வைங்க. டேட்டா டேப்ல நியூ குவெரி (சில பதிப்புல கெட் டேட்டா), ஃப்ரம் ஃபைல், ஃப்ரம் ஃபோல்டர், அப்புறம் கம்பைன் அண்ட் எடிட். மூணும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வந்து, முதல் காலத்துல ஃபைல் பேர் தானா நிக்கும். அதுதான் உங்க கிளைக் காலம்.

இப்பதான் கவனம் வேணும். வலது பக்கம் படிகள் லிஸ்ட்ல "சேஞ்ச்டு டைப்"னு ஒரு படி தானா சேர்ந்திருக்கும். அது முதல் 200 வரியைப் பார்த்து வகையை ஊகிக்குது. ஐட்டம் கோட் 00125 இருந்தா 125 ஆக்கிடும், அப்புறம் லுக்கப் எங்க கிடைக்கும்? அந்தப் படியை அழிங்க. ஐட்டம் கோடுக்கு டெக்ஸ்ட்னு நீங்களே குடுங்க. தேதிக்கு அந்தத் தலைப்புல ரைட் கிளிக், சேஞ்ச் டைப், யூசிங் லொக்கேல், வகை டேட், லொக்கேல் இங்கிலீஷ் (இந்தியா).

அப்புறம் குளோஸ் அண்ட் லோட் டு. அங்க டேபிள்னு விட்டுடாதீங்க. ஒன்லி கிரியேட் கனெக்‌ஷன் டிக் பண்ணி, ஆட் திஸ் டேட்டா டு த டேட்டா மாடல் டிக் பண்ணுங்க. வரி எதுவும் ஷீட்ல இறங்காது, சுருங்கி மாடல்ல உட்காரும். பிவட்டை (ஐட்டம்வாரி, மாசவாரி தொகுத்துக் காட்டுற அட்டவணை) அது மேல போடுங்க. அடுத்த மாசம் புது சிஎஸ்வியை ஃபோல்டர்ல போட்டு ரிஃப்ரெஷ் ஆல் குடுத்தா போதும்.

அரியாங்குப்பம்_அக்கவுண்ட்ஸ்
தேதி விஷயத்தை விட்டுடாதீங்க. 3/4 டைப் பண்ணினா 4-மார்ச் வருதுன்னா உங்க மெஷின்ல ரீஜன் அமெரிக்கான்னு இருக்கு. இந்தியான்னு இருந்தா அது 3-ஏப்ரல் ஆகியிருக்கும். அமெரிக்க செட்டிங்ல 05/04/2024 மே 4 ஆயிடும், 13/04/2024-க்கு 13-ஆவது மாசம் இல்லாததால டெக்ஸ்டாவே இடது பக்கம் நின்னுடும். ஏப்ரல் முதல் 12 நாள் வியாபாரம் ஜனவரி 4, பிப்ரவரி 4, மார்ச் 4ன்னு வருஷம் பூரா சிதறியிருக்கும். இந்தக் கோளாறுல டோட்டல் ஒரு ரூபாய்கூட மாறாது, மாசவாரிதான் முழுக்கப் பொய். இப்ப இருக்கிற ஃபைல்ல எது மாறினது எது மாறாததுன்னு கண்டுபிடிச்சுத் திருத்துறதைவிட எக்ஸ்போர்ட்ல இருந்து மறுபடி தொடங்குறது நல்லது. கன்ட்ரோல் பேனல், ரீஜன், ஃபார்மட் இங்கிலீஷ் (இந்தியா). லட்சம் கோடிக்குக் கமாவும் அதோட சரியாயிடும். சிஎஸ்வியை டபுள் கிளிக் பண்ணித் திறக்கவே திறக்காதீங்க, திறந்து சேவ் பண்ணினா 00125 போயே போச்சு.

கட்டற்றவன்
இதுக்குத்தான் கால்க்னு சொன்னேன். சிஎஸ்வியைத் திறந்தாலே முதல்ல கேட்கும்: எழுத்துக் குறியாக்க முறை யுனிகோட் யூடிஎஃப்-8, பிரிப்பான் கமா, ஒவ்வொரு காலத்துக்கும் டெக்ஸ்டா, நாள்-மாதம்-வருஷமா. ஐட்டம் பேர் தமிழ்ல இருந்தா எக்செல்ல டபுள் கிளிக் பண்ணினா குப்பையா வரும், இங்க வராது. இன்னொரு முக்கியமான விஷயம். தார்ப்பாய் சைஸை 12*8, 12*18ன்னு நட்சத்திரம் போட்டு எழுதறீங்களா?

பாண்டி_ஸ்டாக்
ஆமாண்ணா, மாஸ்டர்ல எல்லாம் அப்படித்தான்.

கட்டற்றவன்
அப்ப கேளுங்க. வீலுக்கப்ல கடைசி இடத்துல ஃபால்ஸ் (அப்படியே ஒத்தது மட்டும் வேணும்) குடுத்தாலும் நட்சத்திரம்னா "நடுவுல என்ன வேணும்னாலும் இருக்கலாம்"னுதான் அர்த்தம். "12*8 தார்ப்பாய்" தேடினா, மாஸ்டர்ல மேல "12*18 தார்ப்பாய்" இருந்தா அதையே எடுத்துக் குடுத்துடும். எரரே வராது, குரூப்பும் ரேட்டும் மட்டும் தப்பா வரும். கூகுள் ஷீட்ஸ்லயும் இதே கதை. கால்க்ல டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரே ஆபிஸ் கால்க், கால்குலேட் போய் வைல்ட்கார்டை (நட்சத்திரத்தோட அந்த அர்த்தத்தை) மொத்தமா அணைச்சுடலாம்.

மூத்த_நிரலர்
அணைத்து வைத்த கோப்பை எக்ஸ்எல்எஸ்எக்ஸாகச் சேமித்து முதலாளிக்கு அனுப்பினால், அவர் எக்செலில் மறுபடி கணக்கிடும்போது பழைய தவறு திரும்பும். தீர்வு நிரலில் இல்லை, தரவில் இருக்கிறது. பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஐட்டம் கோடை வைத்துத் தேடுங்கள்.

கட்டற்றவன்
கோடு வச்சுத் தேடுறது சரிதான், அதை நான் மறுக்கல. ஆனா முதலாளிகிட்ட எக்செல்தான் இருக்கும்னு ஏன் முடிவு பண்றீங்க? ஆபீஸ் முழுக்க கால்க்குக்கு மாறிட்டா ஓடிஎஸ்ஸாவே (கால்க்கோட சொந்த ஃபார்மட்) வச்சுக்கலாமே.

மூத்த_நிரலர்
ஆடிட்டர் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கேட்பார், வங்கியும் கேட்கும். மேக்ரோ இருந்தால் கால்க்கில் விபிஏ (எக்செல் மேக்ரோ எழுதும் மொழி) பாதிதான் ஓடும். டேட்டா மாடல் பிவட் திறக்காது. பவர் குவெரிக்கு இணையானது அதில் இல்லை. இலவசம் என்பது மட்டும் ஒப்பீடு ஆகாது.

கட்டற்றவன்
2016-க்கும் 2019-க்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. பாதுகாப்புத் திருத்தம் வராத எக்செல்ல பில் கணக்கை வச்சுக்கிட்டு இருக்கிறதையும் ஒப்பீட்டுல சேருங்க. சின்ன கம்பெனிக்கு வருஷா வருஷம் சந்தா கட்டுறது பாரம்தான்.

நெய்வேலி_பிவட்
ரெண்டு பேரும் இதைத் தனி இழையில பேசுங்க, தம்பிக்கு ராத்திரி ஆகுது.

ஹேங் ஆகுறதுக்கு: வீலுக்கப்ல மாஸ்டர் ஷீட்டை முழு காலமா குடுத்திருந்தா, உண்மையில இருக்கிற வரம்பு மட்டும் குடுங்க. ஒரே ஐட்டத்துக்கு நாலு வீலுக்கப் போட்டா எக்செல் 2016 நாலு தடவை மேலிருந்து கீழ தேடும். ஒரு காலத்துல மேட்ச் போட்டு வரிசை எண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு, மத்த நாலையும் இண்டெக்ஸ்ல எடுங்க, தேடல் நாலுல ஒண்ணாயிடும். வேலை முடியுற வரைக்கும் ஃபார்முலாஸ் டேப்ல கால்குலேஷனை மேனுவல் ஆக்கிட்டு, வேணும்போது எஃப்9. பவர் குவெரியிலேயே பில் வரியையும் மாஸ்டரையும் மெர்ஜ் (இணைப்பு) பண்ணிட்டா லுக்கப்பே வேணாம், நட்சத்திரத் தொல்லையும் இல்ல. அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும், பெரிய எழுத்து சின்ன எழுத்துகூட வேற வேறதான்.

அரியாங்குப்பம்_அக்கவுண்ட்ஸ்
எழுத்துக்கு எழுத்துன்னா கண்ணுக்குத் தெரியாத இடைவெளியும் சேரும். சாஃப்ட்வேர்ல இருந்து வர்ற பேர்ல 160-ஆம் எண் இடைவெளி (சாதா இடைவெளி மாதிரியே தெரியுற வேற எழுத்து) இருந்தா எக்செலோட டிரிம் ஃபங்ஷன் போட்டாலும் போகாது. ஷீட்ல இருந்தா ஃபைண்ட் பெட்டியில ஆல்ட் அழுத்திக்கிட்டே நம்பர் பேட்ல 0160 அடிச்சு, ரிப்ளேஸ்ல ஒண்ணும் போடாம ரிப்ளேஸ் ஆல் குடுங்க. கடைசியில கிளைவாரி டோட்டலையும் வரி எண்ணிக்கையையும் பில்லிங் ரிப்போர்ட்டோட வச்சுப் பார்க்காம ஓனர்கிட்ட குடுக்காதீங்க.

மேகக்கணக்கு
எக்ஸ்லுக்கப் ஷீட்ஸ்ல 2022-ல இருந்தே இருக்கு. அதுல வைல்ட்கார்டு நாம கேட்டாதான் வேலை செய்யும், சும்மா போட்டா நேர் ஒப்பீடு. அந்த நட்சத்திரத்துக்கு அதுவும் ஒரு வழி.

பாண்டி_ஸ்டாக்
சிஎஸ்வி இருந்துச்சு. கடலூர் 78,912 வரி. மூணு டோட்டலும் ஒத்துப்போச்சு, பிவட்டும் வந்துடுச்சு, ஹேங் ஆகல. இப்போதைக்கு எதுவும் வாங்க வேணாம், ரேம் மட்டும் போடலாம்னு சொல்லிடறேன். மாஸ்டர்ல 3/4 மட்டும் இன்னும் 4-மார்ச்தான், ஃபார்மட்டை டெக்ஸ்ட் ஆக்கினா ஏதோ அஞ்சு இலக்க நம்பர் வருது. எல்லாருக்கும் நன்றி.

மஞ்சக்குப்பம்
அந்த நம்பர் தேதியோட வரிசை எண். 2025-ல டைப் பண்ணியிருந்தா 45720 வரும். 3/4ங்கிறது டைப் பண்ண அந்த நொடியே போயிடுச்சு, ஃபார்மட் மாத்தினா திரும்பாது. முதல்ல காலத்தை டெக்ஸ்ட் ஆக்குங்க, அப்புறம் 1/2, 3/4 இருக்கிற ஐட்டத்துக்கெல்லாம் சைஸை மறுபடி டைப் பண்ணுங்க. 1 1/2ன்னு அடிச்சது 1.5 ஆகியிருக்கும், அதையும் பார்த்துடுங்க.