அப்பாச்சிக்கு எழுதிய பிராக்ஸி மாட்யூலில் கோரிக்கைகள் பதிலின்றி நின்றுவிடுகின்றன

கேள்வி:

வணக்கம். அப்பாச்சி 2.4 வெப் சர்வருக்கு ஒரு பிராக்ஸி துணை மாட்யூல் (கோரிக்கையைப் பின்னாலுள்ள வேறொரு சர்வருக்குக் கடத்தும் பகுதி) எழுதி வருகிறேன். பின்னால் இருக்கும் சர்வர் எச்டிடிபி பேசாது, அதற்கென்று தனி பைனரி நெறிமுறை உண்டு. ஆகவே அப்பாச்சியின் பிராக்ஸி மாட்யூலான மாட்_பிராக்ஸியின் ஸ்கீம் ஹேண்ட்லர் ஹூக்கில் (முகவரியின் முன்னொட்டான ஸ்கீமைப் பார்த்து அழைக்கப்படும் இடம்) என் ஃபங்ஷனைப் பதிவுசெய்திருக்கிறேன். முகவரியின் ஸ்கீம் என்னுடையதாக இல்லாவிட்டால் அது 'டிக்ளைன்டு' என்று திருப்பிவிடும். பதில்கள் சரியாகவே வருகின்றன. ஆனால் ஈவென்ட் எம்பிஎம்மில் (ஒரு பிராசஸில் பல த்ரெட்கள் இயங்கும் அப்பாச்சி முறை) ஓடவிட்ட சில மணி நேரத்தில் ஒன்றிரண்டு கோரிக்கைகள் நிற்கத் தொடங்கி, போகப் போக எல்லாமே நின்றுவிடுகின்றன. அந்த நேரத்தில் எர்ரர் லாகில் புதிதாக ஒரு வரிகூட வருவதில்லை. ப்ரீஃபோர்க் என்ற மற்றொரு முறையில் சோதித்தபோது இந்தச் சிக்கல் ஒருமுறையும் தலைகாட்டவில்லை. எங்கே தேடுவது?

மறுமொழி:

கனெக்‌ஷன் பூலில், அதாவது பின்னாலுள்ள சர்வருக்கான இணைப்புகளை மறுபடி பயன்படுத்தச் சேர்த்துவைக்கும் இடத்தில், தேடுங்கள். ஒவ்வொரு சைல்டு பிராசஸிலும் ஒவ்வொரு பிராக்ஸி வொர்க்கருக்கும் (பின்னாலுள்ள சர்வர் ஒன்றுக்கான அமைப்பு) தனி பூல் உண்டு. அதன் உச்சவரம்பை நீங்கள் குறிப்பிடாவிட்டால் 'த்ரெட்ஸ்பெர்சைல்டு' (ஒரு சைல்டு பிராசஸில் உள்ள த்ரெட்கள்) எண்ணிக்கையே, அதாவது வழக்கமாக 25, வரம்பாகிவிடும். பெற்ற இணைப்பை உங்கள் மாட்யூல்தான் விடுவிக்க வேண்டும். கோரிக்கை முடிந்ததும் அது தானாகத் திரும்பாது. இப்படி 25 இணைப்புகள் திரும்பாமல் போனால், அடுத்து வரும் த்ரெட் கால வரம்பின்றிக் காத்திருக்கும், காத்திருப்பது பிழையல்ல என்பதால் லாகிலும் எதுவும் பதிவாகாது. ப்ரீஃபோர்க்கில் பிராசஸுக்கு ஒரே த்ரெட் என்பதால் இந்தப் பூலே இல்லை. பழைய இணைப்பு திரும்பாவிட்டால் புதிதாக ஒன்று உருவாகும், நினைவகம் மட்டும் மெல்லக் கூடும்.

உறுதிசெய்ய, அப்பாச்சி அமைப்பின் 'பிராக்ஸிபாஸ்' வரியில், பூலில் இணைப்புக்காகக் காத்திருக்கும் உச்ச நேரமான 'அக்வயர்' மதிப்பை 3000 என்று வையுங்கள். அது மில்லிசெகண்டு கணக்கு. நிற்கும் கோரிக்கைகள் 3 வினாடியில் 503 (சேவை இப்போது இல்லை) என்று திரும்பினால் காரணம் இதுதான்.

கேட்டவர்:

503 வந்துவிட்டது, மிக்க நன்றி. ஃபங்ஷனின் கடைசியில் இணைப்பை விடுவிக்கிறேன். ஆனால் இணைக்க முடியாதபோதும், அனுப்புவது தோற்றபோதும், பதிலின் தலைப்பகுதி சிதைந்து வந்தபோதும் நடுவிலேயே 502-ஐ (பின்னாலுள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் இல்லை) திருப்பி வெளியேறிவிடுகிறேன். அந்த மூன்று இடங்களிலும் விடுவிப்பு விடுபட்டிருக்கிறது.

மறுமொழி:

எல்லா வழிகளையும் ஒரே 'கிளீனப்' லேபிளுக்குக் கொண்டுசெல்லுங்கள். அப்பாச்சியின் இன்னொரு பிராக்ஸி துணை மாட்யூலான மாட்_பிராக்ஸி_எஸ்சிஜிஐ மூலநிரலில் இந்த அமைப்பு தெளிவாக இருக்கிறது. ஆனால் விடுவித்தால் மட்டும் போதாது. பாதி படித்த நிலையில் இணைப்பைப் பூலுக்குத் திருப்பினால், சாக்கெட்டில் எஞ்சிய பைட்டுகள் அதே இணைப்பைப் பெறும் அடுத்தவரிடம் அவருக்கான பதில் என்று போய்ச் சேரும். ஒருவருடைய தகவல் இன்னொருவர் திரையில் தெரிவது, கோரிக்கை நிற்பதைவிடப் பன்மடங்கு மோசமானது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தோல்வி எதுவானாலும், பயனர் நடுவில் துண்டித்துக்கொண்டாலும்கூட, விடுவிக்கும் முன் இணைப்பின் 'குளோஸ்' மதிப்பை 1 ஆக்குங்கள், அப்போது சாக்கெட் மூடப்படும். எஸ்சிஜிஐ மாட்யூல் எப்போதும் அப்படித்தான் மூடுகிறது.

கேட்டவர்:

இணைப்பைப் பெற்றவுடனேயே 'குளோஸ்' மதிப்பை 1 ஆக்கி, பதிலில் அறிவிக்கப்பட்ட நீளம் முழுவதையும் படித்த பிறகே 0 ஆக்கும்படி மாற்றிவிட்டேன். கசிவு இருந்தால் விரைவில் வெளிப்படட்டும் என்று 'த்ரெட்ஸ்பெர்சைல்டு' மதிப்பை 2 ஆகக் குறைத்து, பின்னாலுள்ள சர்வரைத் திரும்பத் திரும்ப நிறுத்தியும் பார்த்தேன். 502 வருகிறது, சர்வர் மீண்டதும் பதிலும் வருகிறது, எதுவும் நிற்கவில்லை. 'அக்வயர்' வரம்பை நீக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.