தண்டர்பேர்ட் மெயிலும் வேலை ஃபைல்களும்: டெஸ்க்டாப், லேப்டாப் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்க என்ன வழி?

கேள்வி

டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11, லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட். இரண்டிலும் தண்டர்பேர்ட் (மெயில் மென்பொருள்), லிப்ரே ஆபீஸ். மெயில் சொந்த டொமைனில் இருக்கிறது. ஹோஸ்டிங்கில் கிடைக்கும் இடம் 2 ஜிபிதான். டெஸ்க்டாப்பில் பாப்3 (மெயிலைச் சர்வரிலிருந்து மெஷினுக்கு இறக்கிக்கொள்ளும் முறை) கணக்காக வைத்திருப்பதால் 2015 முதல் வந்த மெயில் எல்லாம், ஏறத்தாழ 9 ஜிபி, அந்த மெஷினில் மட்டும் கிடக்கிறது. லேப்டாப்பிலும் பாப்3 போட்டால் டெஸ்க்டாப் இறக்கிக்கொண்ட மெயில் அதில் வருவதில்லை. லேப்டாப்பிலிருந்து அனுப்பியது டெஸ்க்டாப்பின் சென்ட் ஃபோல்டரில் இருப்பதில்லை.

வேலை ஃபைல்கள் 40 ஜிபி வரும். பாதிக்கு மேல் தமிழில்தான் பெயர்.

இரண்டிலும் சிங்க்திங் (ஃபோல்டர்களை மெஷின்களுக்கிடையே ஒரே மாதிரி வைக்கும் மென்பொருள்) போட்டு, வேலை ஃபோல்டரோடு, மெயிலும் செட்டிங்ஸும் இருக்கும் தண்டர்பேர்ட் புரொஃபைல் ஃபோல்டரையும் சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டிலும் தண்டர்பேர்டைத் திறக்க மாட்டேன். சரிப்படுமா?

பதில் 1

புரொஃபைலை சிங்க் செய்யாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திறப்பேன் என்ற கட்டுப்பாடு இருந்தாலும் பிரச்சினை தீராது.

தண்டர்பேர்ட் ஒரு மெயில் ஃபோல்டர் முழுவதையும் ஒரே ஃபைலாக வைக்கிறது. இன்பாக்ஸ் 5 ஜிபி என்றால் அது 5 ஜிபி ஃபைல். ஒரு மெயிலைப் படித்ததாகக் குறித்தாலே அந்த ஃபைல் மாறும். சிங்க்திங் மாறிய துண்டுகளை மட்டும்தான் நெட்வொர்க்கில் அனுப்பும். ஆனால் வாங்கும் பக்கம் முழு ஃபைலையும் தற்காலிக ஃபைலாகத் திரும்ப எழுதும், அதற்கு இன்னொரு 5 ஜிபி காலி இடம் வேண்டும். அது முடிவதற்குள் லேப்டாப் மூடியை மூடிவிட்டு, வெளியே போய் தண்டர்பேர்டைத் திறந்தால் இன்பாக்ஸ் இரண்டாகக் கிளைக்கும். இன்டெக்ஸ் ஃபைல் புதிதாகவும் மெயில் ஃபைல் பழையதாகவும் இருந்தால், ஒரு தலைப்பைச் சொடுக்க வேறு மெயிலின் நடுப்பகுதி திறக்கும்.

விண்டோஸ், லினக்ஸ் கலப்பு என்பதால் இன்னும் இரண்டு சிக்கல். செட்டிங்ஸ் ஃபைலில் சி டிரைவின் முழுப் பாதைகள் பதிவாகியிருக்கும். தவிர, புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கும். விண்டோஸும் மின்ட்டும் ஒரே நாளில் ஒரே பதிப்புக்கு வருவது அபூர்வம்.

மெயிலுக்கு வழி ஐமேப்: மெயில் சர்வரிலேயே இருக்கும், எல்லா மெஷினும் அதையே பார்க்கும். பாப்3 கணக்கை ஐமேப்பாக மாற்ற முடியாது. அதே முகவரியை ஐமேப் கணக்காகப் புதிதாகச் சேர்க்க வேண்டும். அதற்கு முன்னால், பழைய பாப்3 கணக்கின் சர்வர் செட்டிங்ஸில் திறந்ததும் பார்ப்பது, இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது, தானாக இறக்குவது என்று மூன்று டிக்கையும் எடுங்கள். ‘லீவ் மெசேஜஸ் ஆன் சர்வர்’ என்பதில் டிக் போடுங்கள். இதை விட்டுவிட்டால் பாப்3 பின்னணியில் மெயிலை இறக்கி சர்வரிலிருந்து அழித்துக்கொண்டே இருக்கும், ஐமேப்பில் மெயில் கண்ணெதிரே காணாமல் போகும்.

ஐமேப்புக்கு போர்ட் 993, எஸ்எஸ்எல். அனுப்புவதற்கு 465 என்றால் எஸ்எஸ்எல், 587 என்றால் ஸ்டார்ட்-டிஎல்எஸ். பெரும்பாலான ஹோஸ்டிங்கில் யூசர்நேம் என்பது முழு மெயில் முகவரி.

பிறகு ‘காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்’ பக்கத்தில் சென்ட், டிராஃப்ட் இரண்டும் ஐமேப் கணக்கின் ஃபோல்டரைக் காட்டுகின்றனவா என்று இரண்டு மெஷினிலும் பாருங்கள். லோக்கல் ஃபோல்டர்ஸை (அந்த மெஷினில் மட்டும் இருப்பவை) காட்டினால் உங்கள் சென்ட் பிரச்சினை அப்படியே தொடரும்.

ஒரு கண்ணி: ‘சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்’ பக்கத்தில் இத்தனை நாளுக்கு மேற்பட்ட மெயிலை அழி என்று ஒரு தேர்வு உண்டு. லேப்டாப்பில் இடம் மிச்சம் பிடிக்கலாம் என்று அதைத் தொடாதீர்கள். ஐமேப்பில் அது சர்வரில் உள்ள மூலத்தையும் அழிக்கும். லேப்டாப்பில் அண்மைக்கால மெயில் மட்டும் போதுமென்றால், அதே பக்கத்தில் அதற்கு மேலே உள்ள, கடைசி இத்தனை நாள் மட்டும் இறக்கு என்ற தேர்வுதான் சரி.

9 ஜிபி மெயில் 2 ஜிபி பெட்டியில் ஏறாது, ஏற்றவும் வேண்டாம். கடந்த ஓராண்டு மெயிலை மட்டும் ஐமேப்புக்குக் கொண்டுபோங்கள், 500 மெயில் வீதம், மூவ் வேண்டாம், காப்பி. எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த கட்டு. மீதியை டெஸ்க்டாப்பின் லோக்கல் ஃபோல்டர்ஸில் ஆண்டுக்கு ஒரு ஃபோல்டராகப் பிரித்து, பிரித்தபின் ‘காம்பாக்ட்’ கொடுங்கள். கொடுக்காவிட்டால் நகர்த்திய மெயிலும் பழைய ஃபைலுக்குள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

இனி ஆர்க்கைவ் செய்யும் (பழைய மெயிலைத் தனி ஃபோல்டருக்கு ஒதுக்கும்) வேலை டெஸ்க்டாப்புக்கு மட்டும். லேப்டாப்பில் தவறி ஆர்க்கைவுக்கான ஏ விசையை அழுத்தினாலும் மெயில் அந்த மெஷினுக்குள் போய் ஒளியாமலிருக்க, அங்கே ஆர்க்கைவ் ஃபோல்டர் ஐமேப்புக்குள் இருக்கட்டும். பழைய ஆண்டுகளை லேப்டாப்பில் படிக்க வேண்டுமென்றால், இரண்டிலும் தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த ஆண்டின் ஃபைலை மட்டும் (இன்டெக்ஸ் வேண்டாம்) லேப்டாப் புரொஃபைலின் லோக்கல் ஃபோல்டர்ஸில் வையுங்கள். திறந்ததும் இன்டெக்ஸை அதுவே கட்டிக்கொள்ளும். முடிந்துபோன ஆண்டின் ஃபைல் இனி மாறப்போவதில்லை, அதனால் ஒருமுறை காப்பி செய்தால் போதும்.

பதில் 2

மேலே சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க: ஃபில்டர். தண்டர்பேர்ட் ஃபில்டர் மெஷினுக்கு மெஷின் தனி. டெஸ்க்டாப்பில் ஏதாவது பழைய ஃபில்டர் மெயிலை லோக்கல் ஃபோல்டருக்கு நகர்த்திட்டிருந்தா, லேப்டாப்பில் அந்த மெயில் வராது, காரணமும் புரியாது. ஹோஸ்டிங்கோட வெப்மெயிலில் ஃபில்டர் போடுங்க, சர்வரிலேயே பிரிஞ்சிடும். முகவரிப் புத்தகமும் ஐமேப்பில் வராது. ஹோஸ்டிங்கில் கார்ட்டேவ் (முகவரிகளைச் சர்வரில் வெச்சுப் பகிரும் முறை) இருந்தா அதை இணைச்சுக்கோங்க.

ஃபைலுக்கு சிங்க்திங் நல்ல தேர்வு. கூகுள் டிரைவுக்கு லினக்ஸில் கூகுளே தரும் மென்பொருள் இல்லை. டிராப்பாக்ஸுக்கு உண்டு, ஆனா இலவசம் 2 ஜிபிதான், உங்க 40 ஜிபிக்குக் காசு கட்டணும்.

ஆரம்பிக்கும்போது லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கிற வேலை ஃபோல்டரை வேற பெயர் மாத்தி ஒதுக்கி வெச்சிட்டு, காலி ஃபோல்டரிலிருந்து தொடங்குங்க. ரெண்டு பக்கமும் ஒரே பெயரில் வேறுபட்ட ஃபைல் இருந்தா முதல் நாளே நூத்துக்கணக்கில் கான்ஃப்ளிக்ட் காப்பி (மோதினதில் ஒண்ணை வேற பெயரில் ஒதுக்கி வைக்கிற பிரதி) குவியும். ஒதுக்கினதில் லேப்டாப்பில் மட்டும் இருந்த ஃபைல்களைப் பிறகு கையால் சேர்த்துக்கலாம்.

ஃபைல் வெர்ஷனிங்கை ரெண்டு மெஷினிலும் ஆன் பண்ணணும். ஒரு மெஷின் எடுத்து வைக்கிறது, அடுத்த மெஷினிலிருந்து வந்த மாற்றத்தால் போன பழைய பிரதியை மட்டும்தான். டெஸ்க்டாப்பில் நீங்களே ஒரு ஃபைலை அழிச்சா அதோட பிரதி லேப்டாப்பின் வெர்ஷன்ஸ் ஃபோல்டரில் இருக்கும், டெஸ்க்டாப்பில் இருக்காது. ‘ஸ்டாக்கர்ட்’ வகை போடுங்க: முதல் 1 மணி நேரத்துக்கு 30 விநாடிக்கு ஒண்ணு, ஒரு நாள் வரை மணிக்கு ஒண்ணு, 30 நாள் வரை தினம் ஒண்ணு, அதுக்கப்புறம் வாரம் ஒண்ணு, 365 நாள் வரைக்கும் வெச்சிருக்கும். இதுக்காக பேக்கப் எடுக்காம இருந்துடாதீங்க. ரெண்டு மெஷினும் ஒரே வீட்டில்தானே இருக்கு.

லிப்ரே ஆபீஸின் லாக் ஃபைல்கள் (ஒரு ஃபைல் திறந்திருக்குன்னு காட்டுற சின்ன ஃபைல்கள்), எக்செலின் தற்காலிக ஃபைல்கள் ரெண்டையும் இக்னோர் பட்டியலில் போட்டுடுங்க. அந்தப் பட்டியல் தானா மறு மெஷினுக்குப் போகாது, ரெண்டிலும் தனித்தனியா எழுதணும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. ஐமேப் பக்கம் தெளிவாகிவிட்டது. ஃபைலில் ஒரு சந்தேகம்: லேப்டாப் வீட்டுக்கு வரும்போது பெரும்பாலும் டெஸ்க்டாப் அணைந்திருக்கும். அப்போது என்ன ஆகும்?

பதில் 3

ஒன்றும் ஆகாது, அதுதான் சிக்கல். சிங்க்திங்கில் நடுவே சர்வர் கிடையாது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால்தான் ஃபைல் நகரும். ரிலே என்று ஒன்று உண்டு, ஆனால் அது தரவைக் கைமாற்றிவிடுமே தவிரச் சேமித்து வைக்காது. ஓயாமல் ஓடும் மூன்றாவது மெஷின் ஒன்று வேண்டும். பழைய ராஸ்ப்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியோடு ஒரு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் போதும். டிஸ்க் கழன்றுவிட்டால் எல்லாம் அழிந்ததாக நினைத்து மற்ற மெஷின்களிலும் அழித்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஃபோல்டருக்குள் சிங்க்திங் வைத்திருக்கும் அடையாளம் காணவில்லை என்றால் பிழை காட்டி நின்றுவிடும்.

அந்த மூன்றாவது மெஷின் வேண்டாம் என்றால், கிளம்பும் முன் இரண்டையும் ஓடவிட்டு இரண்டு திரையிலும் ‘அப் டு டேட்’ வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் லேப்டாப்பை மூட வேண்டும்.

லாக் ஃபைல் விஷயத்தில் பதில் 2-லிருந்து மாறுபடுகிறேன். லிப்ரே ஆபீஸின் லாக் ஃபைலை சிங்க் ஆகவிடுங்கள். டெஸ்க்டாப்பில் ஒரு கணக்கு ஃபைலைத் திறந்து வைத்துவிட்டு லேப்டாப்பில் அதையே திறந்தால், வேறு கணினியில் நீங்களே திறந்து வைத்திருப்பதாக எச்சரிக்கை வரும். ஒரு கான்ஃப்ளிக்ட் தப்பும். புரோகிராம் பாதியில் செத்தால் லாக் ஃபைல் மிஞ்சி நிற்கும், அப்போது கையால் அழித்தால் ஆயிற்று. எக்செல் தற்காலிக ஃபைலுக்கு மட்டும் இக்னோர் போதும்.

தமிழ்ப் பெயர்களில் கவனம் வேண்டும், இங்கேதான் உங்களுக்கு நிஜமாகவே இடிக்கும். விண்டோஸில் பெயர் நீளத்தின் எல்லை 255 குறிகள். மின்ட்டின் ஃபைல் அமைப்பான எக்ஸ்ட்4-இல் 255 பைட். தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் 3 பைட் ஆகும். புள்ளியும் கொம்பும் தனிக் குறிகள். ‘கொள்முதல்’ நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு 9 குறி, 27 பைட். ஆக லினக்ஸில் 85 குறிகள்தான் உச்சம். விண்டோஸில் நன்றாக இருக்கும் நீளமான பெயர் லேப்டாப்பில் ‘பெயர் மிக நீளம்’ என்று நின்றுவிடும். கான்ஃப்ளிக்ட் வந்தால் சிங்க்திங் பெயரோடு தேதி, நேரம், மெஷின் அடையாளம் என்று 38 பைட் சேர்க்கும். அதையும், மூன்று எழுத்து நீட்சியையும் கழித்தால் 70 குறிகளுக்குள் வைப்பது பாதுகாப்பு.

மறு திசையிலும் தொல்லை உண்டு. லினக்ஸில் பெயருக்குள் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போடலாம், விண்டோஸ் ஏற்காது. ‘கூட்டம் 10:30’ என்று லேப்டாப்பில் சேமித்தால் அது டெஸ்க்டாப்பை எட்டாது. இன்னொன்று: ‘கொ’வில் வரும் ஒகரக் குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சிங்க்திங் தானாகவே ஒற்றை வடிவத்துக்கு மாற்றும். ஆனால் ஒரே ஃபோல்டரில் இரண்டு வடிவத்திலும் ‘கொள்முதல்’ இருந்தால் அவற்றில் ஒன்றுக்கு நீங்களே வேறு பெயர் வைக்க வேண்டும்.

டெஸ்க்டாப் பழையதா? திறக்கும்போது தேதி பின்னால் போனால் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரியை மாற்றிவிடுங்கள். கான்ஃப்ளிக்ட்டில் எது அசல் பெயரை வைத்துக்கொள்ளும், எது ஒதுங்கும் என்பதைத் திருத்திய நேரம் பார்த்துத்தான் சிங்க்திங் முடிவு செய்கிறது. நேரம் தவறினால் நீங்கள் இன்று எழுதியது ஒதுங்கும். ஐமேப்பும் சர்டிஃபிகேட் பிழை காட்டி இணைய மறுக்கும்.

பதில் 2

லாக் ஃபைல் பற்றி பதில் 3-இல் சொன்னது சரிதான், இக்னோர் பட்டியலில் எக்செல் தற்காலிக ஃபைல் மட்டும் போதும்.

40 ஜிபி நகரும்போது வேகம் ரொம்பக் குறைவா இருந்தா, சிங்க்திங் திரையில் மறு மெஷினின் பெயரை விரிச்சு ‘கனெக்‌ஷன் டைப்’ பாருங்க. ‘ரிலே’ன்னு இருந்தா ஒரே அறையில் இருக்கிற ரெண்டும் வெளியூர் சுத்திப் பேசுதுன்னு அர்த்தம். விண்டோஸில் அந்த வைஃபையை ‘பிரைவேட்’ நெட்வொர்க்னு மாத்துங்க, ஃபயர்வாலில் 22000 (டிசிபி, யுடிபி ரெண்டும்), 21027 (யுடிபி) திறந்திருக்கணும். லேப்டாப் ரவுட்டரின் கெஸ்ட் வைஃபையில் இருந்தாலும் இதே கதைதான். அங்கே ஒரு மெஷின் இன்னொண்ணைப் பார்க்க முடியாதபடி ரவுட்டரே தடுக்கும், அதனால வழக்கமான வைஃபைக்கு மாறுங்க.