ஆற்றங்கரை வீடு (குடும்பக் குழு)

நான் காலை 6:12
[காணொளி]
தூளியில் போட்ட கொஞ்ச நேரத்தில் இப்படிச் சிரிக்கிறாள், பாருங்கள். கண் மூடித்தான் இருக்கிறது. இன்றைக்கு 18-ஆம் நாள்.

தம்பி சிங்கப்பூர் 6:15
ஐந்து தடவை பார்த்துவிட்டேன் அக்கா. முதலில் ஒரு பக்க உதடு போகிறது, அப்புறம்தான் மறுபக்கம். அப்படியே நம் அப்பா.

மன்னார்குடி அத்தை 6:18
நரி விரட்டுகிறதுடி தங்கம். 🥰

நான் 6:21
அப்பாயி சொல்லச் சொல்ல அடிக்கிறேன்: “நரி பூவைக் காட்டினால் சிரிக்கும். பூவைப் பிடுங்கினால் உதட்டைப் பிதுக்கும். உன் அப்பனும் இப்படித்தான் சிரித்தான். அந்த நேரம் தொட்டு எழுப்பாதே.”

நான் 6:24
ஆனால் சிரித்த அடுத்த நொடியே புருவம் நெளிந்து அழப்போவது மாதிரி ஆகிறது. அழுவதில்லை. எனக்குத்தான் அடிவயிறு கலங்குகிறது. பக்கத்து வீட்டில் வயிற்றில் காற்று என்றார்கள்.

அத்தாச்சி தஞ்சாவூர் 6:40
நைட் டியூட்டி முடித்து பஸ்ஸில் இருக்கிறேன். காற்றெல்லாம் இல்லை. அவள் இமையைப் பார், உள்ளே விழி ஓடும். ரெம் தூக்கம் என்போம். பச்சைக் குழந்தை தூங்குவதில் பாதி இந்தத் தூக்கம்தான், நமக்குக் கால் பங்குகூடத் தேறாது. சிரிப்பு, சுளிப்பு எல்லாம் அதில்தான் வரும்.

நான் 6:42
ஆமாம், ஓடுகிறது! மூச்சும் ஒரே சீராக இல்லையே.

அத்தாச்சி தஞ்சாவூர் 6:44
அந்தத் தூக்கத்தில் அப்படித்தான். உதடு நீலம் பாய்ந்தாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

இந்த விழி ஓட்டத்தை 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, க்ளைட்மன் என்ற இரண்டு பேர் எழுதி வெளியிட்டார்கள். அசெரின்ஸ்கி தன் சொந்த மகனைத் தூங்கவைத்துத்தான் முதலில் பார்த்தார். படிக்கும்போது எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

தம்பி சிங்கப்பூர் 6:47
அப்போது கனவில் அக்காவைப் பார்த்துச் சிரிக்கவில்லையா?

அத்தாச்சி தஞ்சாவூர் 6:53
மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்கும்போதே சிரிக்கும், வார்டில் பார்க்கிறேன். பிறவியிலேயே பார்வை இல்லாத குழந்தையும் சிரிக்கும். யாரையும் பார்த்துக் கற்றுக்கொண்டதில்லை, கூடவே பிறந்தது. முகம் பார்த்துச் சிரிப்பது 6 முதல் 8 வாரத்தில் வரும்.

நான் 6:56
அப்பாயி விரல் விட்டு எண்ணிவிட்டது. ஆடிப்பெருக்கு வாக்கில் தன்னைப் பார்த்துத்தான் முதலில் சிரிக்குமாம்.

பெரியம்மா 7:20
இதைப் படித்ததும் கேட்கத் தோன்றியது. உங்கள் பெரியப்பாவும் இரண்டு வருடமாகத் தூக்கத்தில் பேசுகிறார், சில நாள் வாய்விட்டுச் சிரிக்கிறார். போன வாரம் வயலில் மாடு இறங்கிவிட்டது என்று கத்திக்கொண்டு சுவரில் ஓங்கி அடித்து, கை முட்டி வீங்கிவிட்டது. எழுப்பிக் கேட்டால் கனவு என்கிறார். நாங்களும் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

அத்தாச்சி தஞ்சாவூர் 7:24
அத்தை, இது வேறு. அந்தத் தூக்கத்தில் பெரியவர்களுக்குக் கைகால் கட்டிப்போட்டது போல் கிடக்க வேண்டும். முகம் லேசாகத் துடிக்கலாம், விரல் அசையலாம், அவ்வளவுதான். கட்டு தளர்ந்தால் கனவில் செய்வதை உடம்பு நிஜமாகவே செய்துவிடும். 50 வயது தாண்டிய ஆண்களுக்கு அதிகம் வருகிறது. மனசுக்குப் போடும் சில மாத்திரைகளாலும் வரும். மாமா ஏதாவது போடுகிறாரா? வாசனை சரியாகத் தெரிகிறதா?

பெரியம்மா 7:29
மாத்திரை எதுவும் இல்லை. வாசனையா? பொங்கலிலிருந்தே காபி மணக்கவில்லை என்று என்னிடம் சண்டை.

அத்தாச்சி தஞ்சாவூர் 7:31
மறைக்காமல் சொல்கிறேன். சிலருக்கு இது பல வருடம் கழித்து வரும் பார்க்கின்சன் நோய்க்கு முன்னறிகுறி. எல்லாருக்கும் இல்லை. ஆனால் நரம்பு டாக்டரிடம் இப்போதே காட்ட வேண்டும். அதுவரை கட்டில் வேண்டாம், தரையில் பாய் போடுங்கள். பக்கத்தில் சொம்பு, டார்ச், அரிவாள் எதுவும் இருக்கக் கூடாது. விடியற்காலையில்தான் அதிகம் வரும், போனில் படம் எடுத்து வையுங்கள்.

பெரியப்பா 8:05
எல்லாம் படித்தேன். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நடவு முடியட்டும் அம்மா, வருகிறேன்.

நான் 8:09
அப்பாயி: “பெரியவனே, நடவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீ நாளைக்கே கிளம்பு.”

பெரியப்பா 8:10
சரி அம்மா.

*மறுநாள்*

பெரியம்மா காலை 4:17
[காணொளி]
இன்றைக்கு மாடு வரவில்லை. யாரையோ “வாங்க, உட்காருங்க” என்கிறார். பார், குழந்தை மாதிரி சிரிக்கிறார்.

அத்தாச்சி தஞ்சாவூர் 4:20
பார்த்தேன் அத்தை. நானும் மூன்று தடவை பார்த்தேன். அழித்துவிடாதீர்கள், இதையும் டாக்டர் பார்க்க வேண்டும். 7 மணி பஸ்ஸைப் பிடியுங்கள், பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.