சாயத்தண்ணீர் சுத்திகரிப்பு: இறுதியாண்டு புராஜெக்டுக்கு வாழைத்தோல் சரியா?

நொய்யல்கரை:
கெமிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஊர், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. 1992-ல் பாசனத்துக்காக நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டிய அணை அது. திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியதில், 'தண்ணீரைத் திறக்காதீர்கள்' என்று விவசாயிகளே மன்றாட வேண்டியதாயிற்று. எங்கள் தாத்தா கிணற்றுத் தண்ணீரில் இன்றும் மாடு வாய் வைக்காது. சுற்றுச்சூழல் பாடத்தை மனப்பாடம் செய்தே தேறிவிட்டேன். நொய்யலைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்கவில்லை. காசு கொடுத்து புராஜெக்ட் வாங்க மனமில்லை. வாழைத்தோல் கரியால் சாய நிறத்தை உறிஞ்சி எடுக்கலாம் என்றிருக்கிறேன். சரியா?

உப்புக்கணக்கு:
தம்பி, நிறம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லோரும் அதையே பிடிக்கிறார்கள். உன் தாத்தா கிணற்றைக் கெடுத்தது உப்பு. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் (நூலிழையோடு வேதிவினை புரிந்து ஒட்டும் வகை) ஏறுவதற்கு, லிட்டர் தண்ணீருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்பு போடுவார்கள். சாயம் துணியில் ஏறிவிடும். உப்பு அப்படியே தண்ணீரோடு வந்துவிடும். வாழைத்தோல் அதை ஒன்றும் செய்யாது. நான் சுத்திகரிப்பு நிலையத்தில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது மாதக்கணக்கில் வேலையில்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே இன்றும் சொல்வேன். இப்போது ஆர்.ஓ.வில், அதாவது உப்பை வடிகட்டும் சவ்வில், நல்ல தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தை நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்கு அனுப்பி, சாயம் ஏற்றப் போட்ட உப்பான சோடியம் சல்பேட்டை எடுத்துப் பட்டறைக்கே திருப்பித் தருகிறோம். கடைசியில் தங்குவது கலப்பு உப்பு. யாருக்கும் உதவாமல் ஷெட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதற்கு ஒரு வழி தேடு. இல்லாவிட்டால் சாயம் போடும்போதே உப்பைக் குறைக்க என்ன செய்யலாம் என்று பார்.

கரும்பலகை:
நான் கல்லூரி ஆசிரியை. 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அடுத்துத்தான் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாயிற்று. அதை வெறும் நோட்ஸாக நானும் நடத்தியிருக்கிறேன், வருத்தம்தான். முதலில் ஒரு டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) மீட்டரோடு ஊர்க் கிணறுகளை அளந்து பாருங்கள், மழைக்கு முன்பும் பின்பும். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை.

நொய்யல்கரை:
நன்றி அண்ணா, நன்றி மேடம். மீட்டர் கடன் வாங்கி நேற்று நான்கு கிணறு அளந்தேன். தாத்தா கிணறு 3,400 காட்டியது. வாழைத்தோலை விட்டுவிட்டேன். அண்ணா, கலப்பு உப்பு ஒரு கிலோ ஆய்வகத்துக்குக் கிடைக்குமா? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

உப்புக்கணக்கு:
துறைத்தலைவர் கையெழுத்தோடு நிலைய மேலாளருக்குக் கடிதம் கொண்டு வா. கையுறை மறக்காதே.