காவேரிப்பாக்கம் ஏரியில் மறைவுக் கூடாரம் போட்டுப் படம் எடுக்க யோசனை வேண்டும்

காட்பாடிக்காரன்:
ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பறவைகளை எடுக்கலாம் என்று இருக்கிறேன். 400 மி.மீ. லென்ஸ் போதுமா? எத்தனை மணிக்குப் போகணும்?

ஏரிக்கரை:
போதும் சார். ஆனால் இருட்டோடு கூடாரத்துக்குள் போய்விடுங்கள், விடிந்த பிறகு நீங்கள் நுழைவதை ஒரு கொக்கு பார்த்தாலும் போச்சு, அப்புறம் வெகுநேரம் அந்தப் பக்கமே எதுவும் வராது. காலையில் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். கேமராவை நீர்மட்டத்துக்கு இறக்கி வையுங்கள். கரைமேல் இருந்து எடுத்தால் உள்ளான் மாதிரி சின்னக் கரைப்பறவைகளின் முதுகுதான் படத்தில் தெரியும்.

வாலாஜா வாசி:
மீன்கொத்திக்கு ஆழமில்லாத இடத்தில் ஒரு காய்ந்த கிளையை நட்டுவிட்டுக் காத்திருங்கள். பாய்வதை எடுக்க ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் குறையக் கூடாது, கேமரா சத்தம் போடாமலிருக்க சைலன்ட் மோடும் அவசியம். நம்ம ஊர் வெயிலில் பத்து மணிக்கு மேல் கானல் அலையடிக்கும், எந்த லென்ஸ் போட்டாலும் படம் மங்கல்தான். கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிடுங்கள், நாலு மணிக்கு மேல் பார்க்கலாம்.

ஏரிக்கரை:
ஒன்று விட்டுப்போச்சு. கோடையில் ஆட்காட்டிக் குருவி வெறுந்தரையிலேயே முட்டையிடும், பார்த்தால் கூழாங்கல் மாதிரிதான் இருக்கும். தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் கூடாரத்தை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள், அது எழுந்துபோன நேரத்தில் முட்டை வெயிலில் கெட்டுவிடும்.

காட்பாடிக்காரன்:
சரி சார், நன்றி. தை மாதமே போகிறேன்.