இன்சாட் படத்தில் கீற்று மேகம் 5 கி.மீ. உயரம்தான் காட்டுகிறது, உதவுங்கள்

மொட்டைமாடி:
அவசரம். இன்சாட் வானிலைச் செயற்கைக்கோள் படத்தில் தரையின் வெப்பம் 300 கெல்வின், மேகம் 266. ஒரு கி.மீ. ஏறினால் 6.5 கெல்வின் குளிரும் என்று வைத்து, வித்தியாசத்தை 6.5 ஆல் வகுத்தால் 5.2 கி.மீ. வருகிறது. ஆனால் மாடியில் நின்று பார்த்தேன், பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி கீற்று மேகம். 10 கி.மீ.க்கு மேல் இருக்க வேண்டாமா? நாளை ப்ராஜெக்ட் காட்டணும்.

கடலோரன்:
எந்தச் செயற்கைக்கோள், எந்த சேனல், எந்த ஊர், எத்தனை மணிப் படம்? ஒன்றுமே சொல்லவில்லையே.

ஏரிக்கரை:
கோப்பில் இருப்பது வெறும் எண். இன்சாட்டில் எண் கூடக் கூடக் குளிர். கூடவே வரும் அட்டவணையைப் பார்த்துக் கெல்வினாக மாற்றினீர்களா?

மொட்டைமாடி:
இன்சாட்-3டிஆர், டிஐஆர்1 (வெப்ப அகச்சிவப்பு சேனல்), சென்னை, காலை 8.45. மாற்றிய பிறகுதான் 266.

கடலோரன்:
அப்போ சாய்வுப் பார்வைதான் காரணம். செயற்கைக்கோள் 74 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, சென்னை 80. பக்கத்து இடத்தைப் படித்திருக்கிறீர்கள்.

ஏரிக்கரை:
12 கி.மீ. உயர மேகம் சென்னையில் சுமார் 4 கி.மீ. தள்ளித் தெரியும். டிஐஆர்1-க்கு அது ஒரே ஒரு பிக்சல். மேகம் பரந்து கிடந்தால் இதனால் 5 கி.மீ. வராது. 6.5 என்ற சராசரியை விட்டுவிட்டு மீனம்பாக்கம் வானிலை பலூன் உயரத்துக்கு உயரம் அளந்த வெப்பத்தை எடுங்கள்.

பழையமாணவன்:
தம்பி, இது முதல் பருவப் பாடம், படித்துவிட்டு வந்திருக்கலாம். பலூன் அளவிலும் 266 என்பது 6 கி.மீ. பக்கம்தான் வரும். கோளாறு அந்த 266-லேயே இருக்கிறது. மேகம் மெல்லிசாக இருந்தால் கீழே உள்ள சூடான தரையின் கதிரும் அதன் வழியாக மேலே ஏறிவிடும். கோள் பார்ப்பது இரண்டும் கலந்த வெப்பம், மேக உச்சியின் வெப்பம் அல்ல. இடிமேகத்துக்கு உங்கள் முறை ஓரளவு சரிப்படும், கீற்றுக்குச் சரிப்படாது. டிஐஆர்1 வெப்பத்தில் இருந்து, இன்னொரு அகச்சிவப்பு சேனலான டிஐஆர்2-இன் வெப்பத்தைக் கழித்துப் பாருங்கள். சில கெல்வின் வித்தியாசம் வந்தால் மெல்லிய கீற்று.

பருவக்காற்று:
எதற்கு இவ்வளவு சிரமம்? காட்சி ஒளிப் படத்தில் நிழலை அளந்தால் போதும். சூரியன் 30 டிகிரியில் இருந்தால் 12 கி.மீ. மேகத்துக்கு 20 கி.மீ.க்கு மேல் நிழல். ஒரு பிக்சல் 1 கி.மீ., எண்ணியே சொல்லிவிடலாம்.

பழையமாணவன்:
கீற்றின் நிழல் தரையில் தெரிந்தால்தானே எண்ணுவதற்கு? ராத்திரி என்ன செய்வீர்கள்?

பருவக்காற்று:
அவர் கேட்டது காலை 8.45 படம். கடல் மேல் மெல்லிய நிழல்கூடத் தெரியும், நான் அளந்திருக்கிறேன்.

பழையமாணவன்:
இடிமேக நிழலை அளந்திருப்பீர்கள். கீற்றை அளந்த படத்தைப் போடுங்கள், பார்க்கலாம்.

ஏரிக்கரை:
நிழல் சண்டை அப்புறம். மொட்டைமாடி, நீராவி சேனலையும் சேருங்கள். மேகம் மெலிந்து தடிக்கும்போது டிஐஆர்1, நீராவி இரண்டு சேனல் வெப்பமும் வரைபடத்தில் ஒரு கோட்டில் நகரும். முழுத் தடிமனான மேகத்துக்கு இருக்க வேண்டிய வளைகோட்டை அந்தக் கோடு எங்கே வெட்டுகிறதோ, அதுதான் உண்மையான உச்சி வெப்பம். நீராவி பிக்சல் 8 கி.மீ., அதை மறக்காதீர்கள்.

மொட்டைமாடி:
கழித்ததில் 4 கெல்வின். நீராவி முறையில் 12 கி.மீ. சொச்சம் வந்தது. ரொம்ப நன்றி, அறிக்கை எழுத ஓடுகிறேன்.

பருவக்காற்று:
நிழலையும் ஒருமுறை அளந்து சொல்லுங்களேன்?